கருவாடு ராத்தல் பன்னிரண்டு சதம்

என் சகலை சண்முகம் பதுளையில் கடை வைத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அதில் பதினொரு வருஷம் நான் நிம்மதியாகச் சோறு தின்றதில்லை. பங்காளிக்குத்தான் காய்ச்சல் வரும் என்பார்கள். சகலைக்கும் வரும், என்னைக் கேளுங்கள்.

இந்தப் பொங்கலுக்கு அவன் மாமனாருக்கு ஒரு வெள்ளி வெற்றிலைப் பெட்டி அனுப்பியிருந்தான். மாமனார் அதை என் கையில் கொடுத்து, "கனத்தைப் பாருங்க மாப்பிள்ளை" என்றார். பார்த்தேன். கனமாகத்தான் இருந்தது. மூத்த மருமகனான நான் கொண்டுபோயிருந்தது ஒரு தார் வாழைப்பழம். அதன் கனத்தை யாரும் பார்க்கவில்லை.

எனக்கு மேலூர் சந்தைக்குப் பக்கத்தில் மளிகைக் கடை. "இன்று ரொக்கம் நாளை கடன்" என்று பலகை மாட்டியிருக்கிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் அதைத் திருப்பி வாசிப்பார்கள். அறுவடை முடிந்தால் நெல்லாகக் கொடுப்பார்கள், மழை பொய்த்தால் அதுவும் இல்லை. காலணா மிளகாய்க்கு அரை நாழிகை பேரம். போகும்போது கொசுறாகக் கறிவேப்பிலை. இப்படிப்பட்டவனிடம் ஊருக்கு வந்த சண்முகம் ஒருமுறை, "எங்க கடையில யாரும் வெலையே கேக்கறதில்லண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான். விலையே கேட்காத ஜனம்! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே மாசி மாதக் கடைசியில் கிளம்பினேன். வெறும் கையோடு அல்ல. என் மனைவி மீனாட்சியின் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்து, அறுநூறு ரூபாயைத் துணியில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். சகலை கடையில் பங்கு சேர்வது என்று யோசனை. அவனும் வரச்சொல்லியிருந்தான். சங்கிலியைக் கழற்றும்போது மீனாட்சி, "தங்கச்சி முன்னாடி நான் வெறுங்கழுத்தோட நிக்கிற மாதிரி வெச்சிராதீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மதுரையில் ரயில் ஏறும் வரைக்கும் அது காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

போக நினைப்பவர்களுக்காக வழியைச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. படகில் ஏறி ஆழத்துக்குப் போய்க் கப்பல் பிடிக்கவேண்டும். மேல்தட்டில் உட்கார்ந்து போக எனக்கு மூன்று ரூபாய் ஆயிற்று. சாயங்காலம் ஏறினால் மறுநாள் காலை கொழும்பு. இறங்குமுன் ஒரு டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிறார். வெற்றிலை போடுகிறவர்கள் வாயைக் கொப்பளித்துவிட்டு நில்லுங்கள்.

கொழும்பில் மூட்டை தூக்கினவனுக்கு இரண்டணா கொடுத்தேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே வைத்தான். ரூபாய் என்னவோ அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான், அதே ராஜா தலை, அதே வெள்ளி. ஆனால் சில்லறை வேறு. நமக்கு ரூபாய்க்குப் பதினாறணா, அவர்களுக்கு நூறு சதம். ஐந்து சதக் காசு சதுரமாக இருக்கிறது, மூலையில் மட்டும் மழுக்கியிருக்கிறார்கள். ஓரணாவுக்கு ஆறேகால் சதம் வரவேண்டும். காசு மாற்றுகிறவன் ஐந்துதான் கொடுத்தான். ஒன்றேகால் சதத்துக்காக அவனிடம் கால்மணி நேரம் நின்றேன். அவன் கொட்டாவி விட்டான்.

கொழும்பிலிருந்து பண்டாரவளை நூற்றறுபது மைல், மூன்றாம் வகுப்பில் ஒரு பகல் முழுக்கப் போகிறது. வண்டி மலை ஏறும்போது முன்னே என்ஜினையும் பின்னே கடைசிப் பெட்டியையும் ஒரே ஜன்னலில் பார்க்கலாம். அப்புத்தளையில் வண்டி நின்றபோது மேகம் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை மறைத்துவிட்டது. மேலூரில் வெயிலில் காய்ந்தவனுக்குப் பல் அடித்துக்கொண்டது. சண்முகம் பன்னிரண்டு வருஷமாக இந்தக் குளிர்காற்றைச் சும்மா அனுபவிக்கிறான் என்று நினைத்தபோது இன்னும் கொஞ்சம் அடித்துக்கொண்டது.

பதுளைக்கு இன்னும் ரயில் இல்லை. பண்டாரவளையில் ராத்தங்கி, காலையில் மாட்டு வண்டி பிடித்தேன். பதினெட்டு மைல், பெரும்பாலும் இறக்கம். வண்டிக்காரர் சிங்களவர், கொஞ்சம் தமிழ் பேசினார். மூன்று ரூபாய் கேட்டார். நான் வழக்கம்போல ஒன்றரையில் ஆரம்பித்தேன். அவர் கோபிக்கவில்லை. இரண்டே முக்காலுக்கு வரவும் இல்லை. போய் மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். பேரம் என்றால் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மட்டும் எப்படிப் பேசுவது? கடைசியில் மூன்றுக்கே ஏறினேன். பாதிப் பணத்தை முன்னால் நீட்டினால், "இப்ப சல்லி வேணாம் மாத்தையா. பதுளை போய்க் குடுங்க" என்றார். எங்கள் ஊர் வண்டிக்காரன் பாதி வாங்காமல் மாட்டை அவிழ்க்கமாட்டான். இந்த நாட்டில் எல்லோரும் நம்பியே பிழைக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சண்முகத்தின் கடை பதுளைக் கடைத்தெருவில் நடு இடத்தில் இருக்கிறது. மூன்று கதவு. என் கடைக்கு ஒன்று. கொழுந்தியாள் செல்லம் காப்பி கொண்டுவந்தாள். கழுத்தில் இரட்டை வடம், அதற்கு மேலே ஒரு காசுமாலை. "அக்கா சொகமா அத்தான்?" என்று கேட்டாள். சுகம் என்றேன்.

இரண்டு நாள் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். தோட்டத்து ஆட்கள் வருகிறார்கள். உப்பு, மிளகாய், கருவாடு, புகையிலை கேட்கிறார்கள். அரிசியைத் தோட்டத்திலேயே கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதால் அதைக் கேட்பதில்லை. சாமானை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு ஒரே வார்த்தை சொல்லுகிறார்கள்: "பெரிய கங்காணி பேருல எழுதிக்கங்க." போய்விடுகிறார்கள். விலை கேட்பதில்லை. தராசைக்கூடப் பார்ப்பதில்லை. கங்காணி என்பவர் அவர்களை ஊரிலிருந்து கூட்டி வந்து வேலை வாங்குகிறவர். சம்பளம் போட்டதும் அவர் குதிரை வண்டியில் வந்து, அத்தனை பேர் கணக்கையும் ஒரே தடவையில் வெள்ளி ரூபாயாகக் கட்டிவிடுகிறார். வாராக்கடன் என்ற பேச்சே கிடையாது. நான் ஒரு வீசைப் புளிப் பாக்கிக்காக நாலு களத்துமேட்டில் நிற்கிறவன். வயிறு எரிந்தது என்று சொன்னால் போதாது, குடலே கருகிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை சண்முகம் கோவிலுக்குக் கிளம்பினான். "அண்ணே, ஒரு மணி நேரம் கடையப் பாத்துக்கங்க. யாரு வந்தாலும் கங்காணி பேரைக் கேட்டு எழுதிக்கங்க. வேற ஒண்ணும் பேச வேணாம்" என்றான். வேறு ஒன்றும் பேசவேண்டாமாம். முப்பது வருஷம் கடையில் உட்கார்ந்தவனுக்குச் சொல்லுகிறான்.

முதல் ஆளாக மூக்காயி என்ற பெண் வந்தாள். பின்னால் ஐந்தாறு பெண்கள். எல்லாம் ஒரே தோட்டம், லுணுகலை ரோட்டில் ஒன்பது மைல் தள்ளி. அரை ராத்தல் கருவாடு கேட்டாள், ராத்தல் என்பது இங்கிலீஷ் பவுண்டு நிறை. நிறுத்துக் கொடுத்தேன். "பெரிய கங்காணி பேருல எழுதிக்கங்க மொதலாளி" என்றாள்.

எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் யாரும் இந்த இடத்தில் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். அன்றைய முதல் வியாபாரம் போணி. போணியைக் கடனுக்குச் செய்தால் அன்றைக்குப் பூராவும் கடன்தான். பெற்ற தாயே வந்தாலும் முதலில் காசைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவேண்டும். அதோடு, மறைக்காமல் சொல்லுகிறேன், என் கை பட்டால் இந்தக் கடையில் ரொக்கமும் விழும் என்று சண்முகத்துக்குக் காட்ட ஆசை.

"போணி நேரம்மா. கடன் கெடையாது. காசை எடு" என்றேன்.

அவள் விழித்தாள். "எம்புட்டுங்க?"

கணக்கு நோட்டில் கருவாட்டுக்கு எழுதியிருந்த விலையைப் பார்த்தேன். "ராத்தல் பன்னெண்டு சதம். அரை ராத்தலுக்கு ஆறு."

"பன்னெண்டா?"

ஊரில் இப்படி யாராவது கேட்டால் பேரம் தொடங்குகிறது என்று அர்த்தம். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "பன்னெண்டுக்குக் கீழே ஒரு சதம் கொறையாது. வேணும்னா நாலு கடை வெசாரிச்சுட்டு வா" என்றேன். ஊருக்குப் போன மாதிரி சந்தோஷமாக இருந்தது.

அவள் பேரம் பேசவில்லை. திரும்பி மற்றவர்களைப் பார்த்து, "அடியே, பன்னெண்டாம்டி" என்றாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சதுரக் காசும் ஒரு சதமும் எடுத்து வைத்தாள். மற்றவர்கள் எதுவும் வாங்கவில்லை. விரல் விட்டு எண்ணி ஏதோ பேசிக்கொண்டே போனார்கள். நான் காசைக் கண்ணில் ஒற்றிப் பெட்டியில் போட்டேன்.

திருநீற்றோடு திரும்பி வந்த சண்முகத்திடம் பெருமையாகச் சொன்னேன். அவன் முகத்தில் திருநீறு எது, முகம் எது என்று தெரியாமல் போயிற்று.

"வெலையச் சொன்னீங்களாண்ணே?"

"சொல்லாம? சொன்னாத்தானே காசு வரும்?"

அவன் மிளகாய் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். பிறகுதான் விஷயத்தை உடைத்தான். கடை கங்காணியிடம் வாங்குவது ராத்தலுக்குப் பன்னிரண்டு சதம். கங்காணி ஆட்களின் சம்பளத்தில் பிடிப்பது பதினெட்டு. மிளகாய்க்கும் அப்படியே, சேலைக்கும் அப்படியே. நடுவில் உள்ளது கங்காணிக்கு. "நான் வெலை சொல்றதில்ல, அவங்க கேக்கறதுமில்ல. பன்னெண்டு வருசமா இப்படித்தான் ஓடுது" என்றான். விலையே கேட்காத ஜனத்தின் ரகசியம் இவ்வளவுதான். கையிலிருந்து காசு போனால் அல்லவா விலை கேட்கத் தோன்றும்? கையிலே காசு வாயிலே தோசை என்று நாம் சும்மா சொல்லிக்கொண்டிருக்கிறோம். இவர்கள் காசும் கொடுக்காமல், தோசையின் விலையும் தெரியாமல் இருந்திருக்கிறார்கள். எனக்கு மேலூர்க்காரர்கள்மேல் முதன்முறையாக ஒரு மரியாதை வந்தது.

மறுநாள் மத்தியானம் பெரிய கங்காணி முத்துக்கருப்பன் வந்தார். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, கையில் குடை. பெஞ்சில் உட்கார்ந்து, கொடுத்த வெற்றிலையைத் தொடாமல் பேசினார்.

"காலையில பெரட்டுக்கு ஆளுக வந்து நிக்கிறாங்க. பேரு கூப்புடற நேரம். மூக்காயி கேக்குறா, 'கருவாடு பன்னெண்டு சதமாமுல்ல கங்காணி, எங்ககிட்ட என்னாத்துக்குப் பதினெட்டு புடிக்கிறீங்க?'ன்னு. அத்தனை பேருக்கு முன்னாடி. நம்மளுக்கு எப்படி இருக்கும் மொதலாளி?"

"எங்க அண்ணன் ஊருக்குப் புதுசுங்க. தெரியாம சொல்லிட்டாரு" என்றான் சண்முகம். சொல்லும்போது எழுந்து நின்றுகொண்டிருந்தான். அவன் யார் முன்னாலும் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

"அதை லயத்துல வந்து சொல்லச் சொல்லுங்க. நாளைக்குச் சாயங்காலம், எல்லாருக்கும் முன்னாடி, அவரு வாயாலயே பதினெட்டுன்னு சொல்லட்டும். இல்லாட்டி என் பேரு ஒங்க கடையில இருக்காது." குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடையின் வரவில் பாதிக்கு மேல் அந்த ஒரு பேர். சண்முகம் என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒரு வார்த்தைண்ணே. சொல்லிட்டு வந்துட்டோம்னா மறுநாளே பங்குப் பத்திரம் எழுதிரலாம்." சரி என்றேன். மனசாரத்தான் சொன்னேன். என் அறுநூறு ரூபாயும் மீனாட்சியின் சங்கிலியும் இப்போது அந்தப் பதினெட்டில் தொங்கிக்கொண்டிருந்தன.

செவ்வாய்க்கிழமை ஒற்றை மாட்டு வண்டியில் போனோம். போகவர இரண்டு ரூபாய். சண்முகம் பேரமே பேசாமல் சரி என்றான், அதற்கும் எனக்கு எரிந்தது. வழி நெடுகத் தேயிலை. யாரோ மலைக்குச் சீப்பு போட்டு வாரியது போல வரிசை வரிசையாக இருக்கிறது. கூடை சுமந்த பெண்கள் இடுப்பளவுச் செடிகளுக்குள் நிற்கிறார்கள். சாயங்கால மஞ்சள் வெயில் அதன்மேல் விழும்போது பார்க்கவேண்டும். பார்க்கிற மனநிலையில் நான் இல்லை.

லயம் என்பது நீளமாக ஒரே கூரை, அடுத்தடுத்து அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். வாசலில் எல்லோரும் கூடியிருந்தார்கள். மூக்காயி முன்வரிசையில், கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த ஈரத்தோடு நின்றாள். கோபமாக இல்லை. விலை கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற முகம்தான்.

கங்காணி குடையை ஊன்றிக்கொண்டு, "கடைக்காரரே, கருவாடு ராத்தல் என்னா வெலை? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க" என்றார்.

நான் சண்முகத்தைப் பார்த்தேன். அவன் கோட்டுப் பையில் கடிகாரச் சங்கிலி மின்னியது. வெள்ளி வெற்றிலைப் பெட்டி நினைவுக்கு வந்தது. மூன்று கதவு வந்தது. செல்லத்தின் காசுமாலை வந்தது. பதினொரு வருஷமாக விழுங்கின சோறெல்லாம் தொண்டைக்கு வந்தது. ஒரே ஒரு வார்த்தையில் இவை எல்லாவற்றையும் சாய்த்துவிடலாம், அதுவும் பொய் சொல்லாமல்.

"பன்னெண்டு சதம்" என்றேன்.

யாரோ ஒரு கிழவர் இருமினார். கங்காணி என்னைப் பார்க்கவில்லை, சண்முகத்தைப் பார்த்தார். "வண்டியப் பூட்டிக்கிட்டுக் கெளம்புங்க" என்றார். கூட்டத்திலிருந்து ஒரு குரல், "அப்ப மொளகா என்னா வெலைங்க?" என்று கேட்டது. எனக்குத் தெரிந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

நியாயத்துக்காகச் சொன்னேன் என்று இதை வாசிக்கிறவர்கள் நினைத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நானும் வண்டியில் உட்கார்ந்து அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஓடையருகே நிறுத்தினபோதுதான் சண்முகம் வாயைத் திறந்தான்.

"அண்ணே, நீங்க நெசத்தைச் சொன்னதுக்கு எனக்குக் கோவமில்ல. நான் பன்னெண்டு வருசமா சொல்லாததைச் சொன்னீங்க. அது சரிதான்." குனிந்து முகத்தைக் கழுவினான். "ஆனா சொல்றப்ப உங்க மொகத்துல ஒரு சந்தோசம் இருந்துச்சே, அதைத்தான் என்னால தாங்க முடியல."

மாடு தண்ணீர் குடித்து முடிக்கும் வரை நான் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பங்குப் பேச்சு பிறகு எழவில்லை. அவன் எடுக்கவில்லை, எனக்கும் எடுக்க வாய் இல்லை. இரண்டு நாள் கழித்துக் கிளம்பினேன். வண்டி வரைக்கும் வந்து வழியனுப்பினான். செல்லம் அக்காவுக்கென்று ஒரு பொட்டலம் தேயிலை கொடுத்தாள். இடுப்பு முடிச்சு அவிழாமல் அப்படியே ஊர் வந்து சேர்ந்தது. சங்கிலியை மீட்டு மீனாட்சி கழுத்தில் போட்டேன். இரண்டு மாத வட்டி நஷ்டம்.

பதுளை இருக்கும் ஊவா மலைப் பக்கம் போகிறவர்களுக்கு என் புத்திமதி இது. ரூபாயாகக் கொண்டுபோங்கள், அணாவை வீட்டில் வைத்துவிடுங்கள். காசு மாற்றுகிறவனிடம் வாதாடாதீர்கள், அவனுக்கு நிறைய நேரம் இருக்கிறது. பண்டாரவளை வண்டிக்குப் பேரம் பேசினால் வெயில்தான் ஏறும். கம்பளி அவசியம். கடையில் மற்றவர்கள் கேட்காவிட்டாலும் விலையைக் கேளுங்கள், வாய்விட்டுக் கேளுங்கள். ஆனால் சொந்தக்காரர் கடையில் உட்காரச் சொன்னால் மட்டும், வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எங்கள் தெருக்காரர் ஒருவர் பதுளையிலிருந்து வந்தார். அவர் வந்தபோது மீனாட்சியும் கடையில் இருந்தாள். பெரிய கங்காணி கணக்கை வேறு கடைக்கு மாற்றிவிட்டாராம். சண்முகம் ஒரு கதவைச் சாத்திவிட்டு இரண்டு கதவோடு நடத்துகிறானாம். நான் உச்சுக் கொட்டினேன். அவர் முடிக்கவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் அந்த லயத்துப் பெண்கள் கங்காணி பேரில் எழுதுவதை விட்டுவிட்டு, பிடித்தம் போகாமல் மிஞ்சின சம்பளத்திலிருந்து ஆறு சதம், எட்டு சதம் என்று கையில் காசோடு ஒன்பது மைல் நடந்து அவன் கடைக்கே வருகிறார்களாம். மூக்காயிதான் கூட்டிக்கொண்டு வருகிறாளாம். நின்று பேரம் பேசி, சண்டை போட்டு, கொசுறு கேட்டு வாங்குகிறார்களாம். கடன் என்று ஒரு சதம் வெளியே நிற்கவில்லையாம், எல்லாம் ரொக்கமாம்.

"உங்களாலதான்னு ஒங்க சகலை சொல்லச் சொன்னாருங்க" என்றார்.

எல்லாம் ரொக்கம்! மீனாட்சி, கழுத்துச் சங்கிலியில் கையை வைத்தபடி, என் முகத்தைப் பார்க்கத் திரும்பினாள். நான் அதற்குள் குனிந்து உப்பு மூட்டையை நகர்த்த ஆரம்பித்துவிட்டேன்.